நாலு கம்பி இருந்தால் பிழைக்கும்: யூஎஸ்பி ஏவுகணை பொம்மையைச் சரிசெய்த பதிவு

யூஎஸ்பியில் சொருகும் விநோதப் பொருள் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் சொருகியின் வாயைத்தான். அகலமான பழைய ஏ வகைச் சொருகிக்குள் எட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் நாக்கின் மேல் நான்கு தகடுகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் சற்று நீளம், நடுவில் இருக்கும் இரண்டும் சற்றுக் குட்டை. ஓரத்து இரண்டும் மின்சாரத்துக்கு, ஒன்றில் 5 வோல்ட், மற்றதில் கிரவுண்ட். நடு இரண்டும் தகவலுக்கு. சொருகும்போது முதலில் மின்சாரம் சேர வேண்டும், அப்புறம்தான் தகவல் கம்பிகள் தொட வேண்டும் என்பதற்காகவே ஓரத் தகடுகளை நீளமாக வைத்திருக்கிறார்கள். மலிவான பொம்மைகளில் நடு இரண்டும் இருக்கவே இருக்காது, அந்த இடத்தில் வெறும் பள்ளம்தான். அப்படி இருந்தால் அந்தப் பொருள் கணினியோடு பேசப்போவதில்லை. கணினிக்கும் அப்படி ஒன்று சொருகியிருப்பதே தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் அலுவலகத்தில் ஒரு தளத்தைக் காலி செய்தபோது ஒரு அட்டைப்பெட்டி நிறைய இந்த மாதிரிச் சாமான்கள் குப்பைக்குப் போகவிருந்தன. ஒரு காலத்தில் வெளிநாடு போய்வந்தவர்கள் ஆளுக்கொன்று வாங்கிவந்து மேஜையில் வைத்து அழகு பார்த்தவை. டீ கப்பைச் சூடாக வைக்கும் தட்டு, வளையும் கழுத்து விளக்கு, குட்டி விசிறி, ஒரே ஒரு கேன் மட்டும் கொள்ளும் குட்டி ஃப்ரிட்ஜ், மின்னஞ்சல் வந்தால் நிறம் மாறும் விளக்கு, அப்புறம் நாலு நுரை அம்புகளை எய்யும் ஏவுகணை மேடை. பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து, சொருகி வாயைப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தேன்: இரண்டு கம்பிக் குவியல், நான்கு கம்பிக் குவியல். முதல் குவியல் பெரியது. இரண்டாவதில் இரண்டே உருப்படி, மின்னஞ்சல் விளக்கும் ஏவுகணையும்.

இரண்டு கம்பிக் குவியலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், அதில் பெரிய சுவாரசியம் இல்லை, கணக்குதான் இருக்கிறது. யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு கருவி சொருகியவுடன் 100 மில்லிஆம்பியர்தான் எடுத்துக்கொள்ளலாம். கணினியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, எனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே 500 மில்லிஆம்பியர் வரை போகலாம். 5 வோல்ட்டில் அது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 இல் உச்சம் 900 மில்லிஆம்பியர். இரண்டு கம்பிப் பொம்மைக்கு வாயே கிடையாது என்பதால் அது எதையும் கேட்பதில்லை, நேராக எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான கணினிகளும் கண்டுகொள்ளாமல் கொடுத்துவிடுகின்றன. மதர்போர்டில் தானே ஆறி மீளும் ஒரு ஃபியூஸ் இருக்கும், அளவு மீறினால் அது சூடாகி மின்சாரத்தை நெரிக்கும்.

சரி, 2.5 வாட்டை வைத்துக்கொண்டு கப் தட்டு என்ன செய்யும்? 200 மில்லி டீயை ஒரு டிகிரி சூடாக்க 840 ஜூல் வேண்டும். 2.5 வாட்டில் அதற்கு ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் தட்டின் வெப்பம் முழுக்க டீக்குள்ளேயே இறங்குகிறது, டீயிலிருந்து துளிகூட வெளியே போவதில்லை என்று வைத்துக்கொண்டால். ஆவி பறக்கும் கப் ஒன்று அதைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை இழக்கிறது. எனவே தட்டு செய்வதெல்லாம் டீ ஆறுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது மட்டும்தான், அதையும் கப்பின் மேல் ஒரு மூடி போட்டாலே கூடுதலாகச் சாதிக்கலாம். நான் அந்தத் தட்டை கேமரா லென்ஸ் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் அடியில், மேலே இடைவெளி விட்டு ஒரு வலைத் தட்டு போட்டு வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் ஜீரோ வாட் பல்பு எரியவிடும் பழைய பழக்கத்துக்கு இது பரவாயில்லாத மாற்று.

ஃப்ரிட்ஜ் இன்னும் மோசம். உள்ளே ஒரு சின்ன பெல்டியர் தகடு, பின்னால் அலுமினிய ஹீட் சிங்க், அதற்கு ஒரு விசிறி. பெல்டியர் என்பது மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு. கம்ப்ரசர் வைத்த ஃப்ரிட்ஜோடு ஒப்பிட்டால் அதன் திறன் மிகக் குறைவு. 2.5 வாட்டில் விசிறிக்குப் போனது போக மிச்சத்தில் அது ஒரு வாட் அளவு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 330 மில்லி கேனை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், கதவு இடுக்கில் ஒரு துளி சூடும் உள்ளே வராமல் இருந்தால். கதவோ காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக். விசிறியையும் ஹீட் சிங்கையும் கழற்றி உதிரிப் பெட்டியில் போட்டேன், கூட்டை என் பெண் பென்சில் வைக்க எடுத்துக்கொண்டாள்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது திங்க்கீக் என்ற அமெரிக்கக் கடை விற்ற யூஎஸ்பி கல். ஒரு கூழாங்கல், அதிலிருந்து ஒரு யூஎஸ்பி வயர். சொருகினால் ஒன்றும் நடக்காது. அப்படிச் சொல்லியேதான் விற்றார்கள். கப் தட்டை விற்றவர்களைவிட அவர்கள் நேர்மையானவர்கள்.

இரண்டு கம்பிக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2018 ஜூன் 12 அன்று சிங்கப்பூரில் டிரம்ப்பும் கிம் ஜாங் உன்னும் சந்தித்தபோது, செய்தி சேகரிக்கப் போனவர்களுக்குக் கொடுத்த பையில் ஒரு குட்டி யூஎஸ்பி விசிறி இருந்தது. அதைச் சொருகாதீர்கள், உளவுக் கருவியாக இருக்கலாம் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சத்தம் போட்டார்கள். அந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது. 2014 இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள், சாதாரண யூஎஸ்பி கருவிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் நிரலை மாற்றி அதை ரகசிய விசைப்பலகையாக நடிக்க வைக்கலாம் என்று செய்தே காட்டியிருந்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்கேய் ஸ்கோரபோகாதவ் தன் கைக்கு வந்த ஒரு சிங்கப்பூர் விசிறியைப் பிரித்துப் பார்த்தார். மோட்டாருக்கு மின்சாரம் போகும் பாதையைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. பேச வாய் இல்லாதது பொய்யும் சொல்லாது. ஆனால் இதைச் சொருகி வாயைப் பார்த்து ஏ வகையில் கண்டுபிடிப்பது சுலபம், சி வகையில் தகடுகள் பொடிப்பொடியாக இருப்பதால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி ஏவுகணை. உள்ளங்கை அகல அடிப்பாகம், அதன் மேல் சுழலும் கழுத்து, கழுத்தின் மேல் நாலு குழல்கள். மூன்று மோட்டார்கள்: இடவலமாகத் திருப்ப ஒன்று, மேல் கீழாகச் சாய்க்க ஒன்று, சுட ஒன்று. சுடுவதில் வெடி, கிடி ஒன்றும் கிடையாது. மோட்டார் பல்சக்கரம் வழியாக ஒரு பிஸ்டனை ஸ்பிரிங்குக்கு எதிராக இழுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் விட்டுவிடும், தள்ளப்பட்ட காற்று அம்பை வெளியே துப்பும். அதனால்தான் சுடு என்று சொன்னதும் உடனே சுடாது. உறுமிக்கொண்டே இருந்து, எதிராளி தப்பித்து ஓட அவகாசம் கொடுத்து, அப்புறம் 'டப்'.

என் கைக்கு வந்தபோது அதில் கோளாறுகள் பல. சொருகினால் சில சமயம் உயிர் வரும், கேபிளை அசைத்தால் போய்விடும். உயிர் வந்தாலும் இடப்பக்கம் திரும்பும்போது பாதியில் செத்துவிடும். அம்புகளைத் தொட்டாலே பழைய ரஸ்க் போல உதிர்ந்தன. அடிப்பாகத்தின் ரப்பர் பூச்சு கையில் பிசுபிசு என்று ஒட்டியது. எல்லாமே வயசுக் கோளாறுகள்தான்.

பிசுபிசுப்பைப் பற்றி இரண்டு வரி. பிளாஸ்டிக்கின் மேல் மெத்தென்று இருக்கட்டும் என்று பூசும் அந்தப் பூச்சு நம் ஊர் ஈரத்தில் சில வருஷத்தில் சிதைந்து பசையாகிவிடும். சோப்புத் தண்ணீருக்கு அசையாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய பனியன் துணியில் நனைத்துத் தேய்த்தால் கறுப்பு மாவாக உருண்டு வந்துவிடும், கீழே வெறும் பிளாஸ்டிக் வழவழப்பாகத் தெரியும். அசிட்டோன் பக்கம் போகவே கூடாது, பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

கேபிளுக்கு வருவோம். அடிப்பாகத்துக்குள் நுழையும் இடத்தில் வயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருந்தது, மேலுறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அடியில் ரப்பர் பாதங்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மூடி வந்துவிடும், உள்ளே ஒரு சின்ன போர்டு, அதில் கறுப்புத் தார்ச் சொட்டாக மூடிய ஒரு சில்லு, ஓரத்தில் நாலு வயர்கள் ஈயம் வைத்து நிற்கின்றன. அறுந்த இடத்தை வெட்டி ஒட்டுப்போட்டிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் பாதியில் சாகும் கோளாறும் இருந்ததே, அதற்கும் கேபிளுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு சந்தேகம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதும் செய்திகளை ஓடவிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகவே தெரிந்தது. இடப்பக்கம் திரும்பச் சொன்னதும், மோட்டார் ஒரு கணம் முனகும், உடனே கருவி துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி, அடுத்து புதிய குறைவேகக் கருவி கிடைத்தது என்று ஒரு வரி, 2123:1010 என்ற அதன் அடையாள எண்களோடு. அதாவது மோட்டார் புறப்படும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து சில்லு மயங்கி விழுந்து மறுபடி எழுகிறது. போர்ட்டுக்கும் கருவிக்கும் நடுவில் வைக்கும் சின்ன யூஎஸ்பி மீட்டரில் இந்தச் சரிவு முழுதாகத் தெரியாது, அது மெதுவாகத்தான் அளக்கும்.

பழைய கேபிளை உரித்தால் மின்சாரக் கம்பியும் தகவல் கம்பியும் ஒரே மெல்லிசு. கம்பியின் தடிமனை ஏடபிள்யூஜி எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் கம்பி மெல்லிசு. 28 ஏடபிள்யூஜி கம்பிக்கு ஒரு மீட்டருக்கு 0.21 ஓம் தடை. ஒன்றரை மீட்டர் கேபிளில் மின்சாரம் போக ஒன்றரை, திரும்பி வர ஒன்றரை, ஆக மூன்று மீட்டர், 0.64 ஓம். 500 மில்லிஆம்பியர் ஓடினால் 0.32 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டார் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது இழுப்பு இதைவிட அதிகம், கியரில் கிரீஸ் கெட்டியாகிவிட்டால் இன்னும் அதிகம். கம்பி இழைகள் பாதி அறுந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாக வரும் யோசனை, உள்ளே 5 வோல்ட்டுக்குக் குறுக்கே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டர், 1000 மைக்ரோஃபாரட் ஒன்றைப் போட்டுவிடலாம் என்பது. மோட்டார் இழுக்கும் கணத்தில் அது தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் சொருகும் கணத்தில் காலியான அந்தக் கெப்பாசிட்டர் கணினியின் போர்ட்டிலிருந்து ஒரேயடியாக உறிஞ்சும். யூஎஸ்பி விதி இதற்காகவே 10 மைக்ரோஃபாரட் என்று வரம்பு வைத்திருக்கிறது. நான் அதைத் தொடவில்லை, கம்பியைத் தடிமனாக்குவது என்று முடிவு செய்தேன்.

எல்லார் வீட்டிலும் கிடக்கும் பழைய பிரின்டர் கேபிளின் மேலுறையில் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறீர்களா? நல்ல கேபிளாக இருந்தால் 28 ஏடபிள்யூஜி ஒரு ஜோடி, 24 ஏடபிள்யூஜி இரண்டு கம்பி என்று பொடி எழுத்தில் இருக்கும். தகவலுக்கு மெல்லிசு, மின்சாரத்துக்குத் தடிமன் என்று அர்த்தம். 24 ஏடபிள்யூஜியில் மீட்டருக்கு 0.084 ஓம்தான், அதே ஒன்றரை மீட்டருக்கு இழப்பு 0.13 வோல்ட்டாகக் குறைந்துவிடும். அப்படி ஒரு கேபிள் வீட்டிலேயே இருந்தது, சதுர முனையை வெட்டி எறிந்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

நிறங்களை மட்டும் நம்பிவிடக் கூடாது. சிவப்பு 5 வோல்ட், வெள்ளை டி மைனஸ், பச்சை டி பிளஸ், கறுப்பு கிரவுண்ட் என்பது வழக்கம். மலிவான கேபிளில் கைக்குக் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, சொருகியின் ஒவ்வொரு தகட்டிலிருந்தும் கம்பி நுனிவரை பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் முறை. வெள்ளையும் பச்சையும் இடம் மாறினால் எதுவும் எரியாது, ஆனால் வேடிக்கையான ஒன்று நடக்கும். குறைவேகக் கருவி தன்னை டி மைனஸில் இருக்கும் ஒரு தடையால் அடையாளம் காட்டும், முழுவேகக் கருவி டி பிளஸில். கம்பி மாறினால் கணினி இதை முழுவேகக் கருவி என்று நினைத்துப் பேசிப் பார்க்கும், பதில் புரியாமல் பிழை வரியாகக் கொட்டும். அந்தப் பிழைகளைப் பார்த்தால் சில்லு செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த இரண்டு கம்பியையும் மாற்றிப் பாருங்கள்.

கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு அடுக்கு ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு, உள்பக்கம் ஒரு ஜிப் டையை இறுக்கிக் கட்டினேன், யாராவது இழுத்தால் இழுவிசை ஈயம் வைத்த இடத்துக்குப் போகாமல் அந்தக் கட்டில் நின்றுவிடும். மோட்டார்களின் இரு முனைக்கும் நடுவில் 104 என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்க வேண்டும், பிரஷ் பொறியால் வரும் மின் இரைச்சலை அமுக்க. திருப்பும் மோட்டாரில் அதன் ஒரு கால் ஒடிந்திருந்தது. ரிச்சி தெருவில் இதைச் சில்லறையாகக் கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார், ஒரு பாக்கெட்டாக வாங்கி வைத்துக்கொள்வது மரியாதை. 104 என்றால் 0.1 மைக்ரோஃபாரட்.

கியர்பாக்ஸைத் திறந்தபோது பழைய கிரீஸ் மெழுகாக இறுகி, பல் இடுக்கில் எல்லாம் அடைத்திருந்தது. பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போகும் சிலிக்கோன் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவினேன். கொஞ்சமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன்; நிறையப் பூசினால், கோடியை எட்டியதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் வரை வழிந்து போய் அதன் தொடுமுனையைக் கெடுக்கும். மூடிய பிறகு, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை ஒரே இழுப்பில், முனகாமல் போனது. கெர்னல் செய்தியில் துண்டிப்பு வரி ஒன்றும் இல்லை.

அம்புகள்தான் நேரம் தின்றன. பழையவை பாலியூரித்தேன் நுரை, அது காற்றின் ஈரத்தை வாங்கி வாங்கித் தானாகவே பொடியாகும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மாற்றுக்கு யோகா பாயின் ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், அந்த நுரை கனம், எய்தால் மேஜை விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. கடைசியில் கைகொடுத்தது டிவி பெட்டிக்குள் மூலைக்கு வைத்து அனுப்பும் வெள்ளை நுரை, இபிஇ என்பார்கள், தெர்மோகோல் மாதிரி உதிராது, அமுக்கினால் திரும்பி எழும். குழலுக்குள் ஒரு சின்னக் காற்றுக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேல்தான் அம்பை மாட்ட வேண்டும். ஆகவே நுரையில் நடுவாக ஒரு துளை வேண்டும், வளையாமல் நேராக. துரப்பணம் போட்டால் நுரை சுருட்டிக்கொண்டு கிழியும். பழைய ரேடியோ ஏரியலின் ஒரு கணுவை வெட்டி, அதன் விளிம்பை உப்புத்தாளில் உள்பக்கமாகத் தேய்த்துக் கூராக்கி, மெல்லத் திருகித் திருகி உள்ளே இறக்கினால் சுத்தமான துளை விழுகிறது; உள்ளே சிக்கிய நுரைத் தண்டை ஒரு குச்சியால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். துளை காற்றுக் குழாயைவிட அரை மில்லிமீட்டர் சின்னதாக இருக்கட்டும். தளர்ந்தால் காற்று பக்கவாட்டில் கசிந்து அம்பு காலடியில் விழும், இறுகினால் 'டப்' சத்தம் மட்டும் வரும், அம்பு நகராது. மூக்கைச் சற்றே ஆறிய சால்டரிங் அயர்ன் பக்கவாட்டால் உருட்டி வட்டமாக்கினேன், சூடு கொஞ்சம் அதிகமானாலும் நுரை சுருங்கி மூக்கே காணாமல் போகும்.

இனி நாலு கம்பியின் சுகம். வேறு யாரோ எழுதிய விண்டோஸ் நிரலும் அதன் குறுந்தட்டும் இல்லாமலேயே இந்தக் கருவியை ஓட்டலாம், ஏனென்றால் அது பேசும் பாஷை அவ்வளவு எளிமை. விசைப்பலகை, மவுஸ் வகைக் கருவி என்றே கணினியிடம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதற்கு அனுப்ப வேண்டியது எட்டு பைட் கொண்ட ஒரு பொட்டலம். முதல் பைட் 2, இரண்டாவது பைட் கட்டளை, மீதி ஆறும் பூஜ்யம். கீழே 1, மேலே 2, இடது 4, வலது 8, சுடு 16, நில் 32. இரண்டின் அடுக்குகளாக வைத்திருப்பதைக் கவனியுங்கள், ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பிட். முதல் பைட்டை 3 ஆக்கி இரண்டாவதில் 1 கொடுத்தால் முன்னால் இருக்கும் சின்ன எல்.இ.டி. எரியும், 0 கொடுத்தால் அணையும்.

பைத்தான் நிரல்மொழியில் பையூஎஸ்பி நூலகத்தை நிறுவிக்கொண்டால் வேலை ஒரு பக்கத்துக்குள் முடியும். 2123, 1010 என்ற எண்களைக் கொடுத்துக் கருவியைத் தேடுவது (இரண்டும் பதினாறடிமான எண்கள், சாதாரண எண்ணாகக் கொடுத்தால் கிடைக்காது). லினக்ஸ் கெர்னல் ஏற்கெனவே இதை மவுஸ் சாதியில் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும், அந்தப் பிடியை விடுவிப்பது. அப்புறம் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபர் என்ற வகையில் பொட்டலத்தை அனுப்புவது: கோரிக்கை வகை பதினாறடிமானத்தில் 21, கோரிக்கை எண் 9, அடுத்த இரண்டும் 0, கடைசியில் அந்த எட்டு பைட். அனுமதி இல்லை என்று முரண்டு பிடித்தால், ஒவ்வொரு முறையும் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) ஓட்டுவதற்குப் பதில், கருவிகளுக்கு அனுமதி வகுக்கும் யூடெவ் விதிக் கோப்பு ஒன்றில் இந்த இரு எண்களையும் எழுதி 0666 என்று எல்லாருக்கும் அனுமதி கொடுத்துவிட்டு, கேபிளை ஒரு தரம் பிடுங்கிச் சொருகினால் போதும். ஏவுகணைக்கு இந்த அளவு தாராளம் பரவாயில்லை, வேறு கருவிக்கு இப்படித் திறந்து போடாதீர்கள்.

இடது என்று சொன்னால் நில் என்று சொல்லும்வரை திரும்பிக்கொண்டே இருக்கும், கோடியில் லிமிட் சுவிட்ச் தடுத்தால்தான் தானாக நிற்கும். எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்று அதற்கே தெரியாது, கேட்டுப் பார்க்கவும் வழி இல்லை. எனவே ஒரே உபாயம்: முதலில் கீழே, இடது என்று கோடிவரை ஓட்டி ஒரு மூலையில் நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து இத்தனை மில்லிநொடி வலது, இத்தனை மில்லிநொடி மேலே என்று நேரத்தை வைத்துத்தான் குறி. சுட்ட பிறகு நாலரை நொடி விட்டுத்தான் அடுத்த அம்பு, அதற்குள் அடுத்த கட்டளை கொடுத்தால் பிஸ்டன் பாதியில் நின்றுவிடும்.

இந்த நேரக் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. மோட்டாரின் வேகம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. லேப்டாப்பில் எடுத்த கணக்கை மின்சாரம் தனியாகக் கொடுத்த ஹப்பில் சொருகி ஓட்டினால் குறி வலப்பக்கம் தள்ளிப் போகிறது, கம்பியைத் தடிமனாக்கியதும் அதே கதைதான். ஆகவே கேபிள், கிரீஸ், போர்ட் எல்லாம் முடிவான பிறகே குறி அட்டவணை எடுக்க வேண்டும். பல்சக்கரத்தில் தளர்வும் இருக்கிறது. எப்போதும் இடது மூலையிலிருந்தே கிளம்பி ஒரே திசையில் போய் நின்றால் அந்தத் தளர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழும், திரும்பி வந்து நிறுத்தினால் விழாது.

இப்படி நேரத்தை வைத்துக் குறிபார்ப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 2011 இல் பேப்பர்கட் என்ற மென்பொருள் நிறுவனம், நிரலாளர்கள் எழுதும் நிரல்களைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் ஜென்கின்ஸ் என்னும் சேவையோடு இதே ஏவுகணையை இணைத்து, யார் எழுதிய நிரலால் தொகுப்பு உடைந்ததோ அவர் நாற்காலியைப் பார்த்துச் சுடும் ஒரு பைத்தான் நிரலை வெளியிட்டது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் உட்காரும் இடத்துக்கான மில்லிநொடிகள் இருக்கும். அதைப் படித்தாலே இந்தக் கருவியைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிடும். என்னிடம் குழு இல்லை, வீட்டு சர்வர் ஒன்று இருக்கிறது. இரவு எடுக்கும் பேக்கப் தோற்றால் எல்.இ.டி. எரியும். காலையில் நான் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தும் அதைக் கவனிக்காவிட்டால் ஓர் அம்பு என் தோள்பட்டைக்கு வரும். தோளுக்குத்தான், முகத்துக்கு இல்லை. நுரைதான் என்றாலும் கண் உயரத்துக்குக் குழல் எழாதபடி மேலே செல்லும் நேரத்துக்கு நிரலிலேயே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறேன். வீட்டில் குழந்தை இருந்தால் நீங்களும் வையுங்கள்.

மிச்சம் இருப்பது நாலு கம்பிக் குவியலின் இன்னொரு உருப்படி, மின்னஞ்சல் விளக்கு. இதற்கு நிரல்கூட எழுத வேண்டாம். இந்த வகை விளக்குகளுக்கென்றே லினக்ஸ் கெர்னலில் ஹெச்ஐடி எல்இடி என்ற டிரைவர் இருக்கிறது, சொருகியதும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி எல்.இ.டி.யாகப் பட்டியலில் வந்துவிடும், பிரகாச எண்ணை அந்தக் கோப்பில் எழுதினால் எரியும். என்னுடையதில் சிவப்பும் பச்சையும் எரிகின்றன, நீலம் இல்லை. மல்டிமீட்டரின் டையோடு நிலையில் தொட்டுப் பார்த்தும் எரியவில்லை, ஆனால் அதை வைத்து நீலம் செத்தது என்று சொல்லிவிட முடியாது: நீலத்துக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும், பல மலிவு மீட்டர்கள் டையோடு நிலையில் அவ்வளவு கொடுப்பதில்லை. 5 வோல்ட்டில் 330 ஓம் தடை ஒன்றைத் தொடராகப் போட்டு நேரடியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எரிந்தால் கோளாறு போர்டில், எரியாவிட்டால் மூன்று நிற எல்.இ.டி. ஒன்று வாங்கி, பொதுக்கால் பிளஸா மைனஸா என்று பார்த்து மாற்ற வேண்டியதுதான்.